களத்துக் கணக்கும் மேடைப் பேச்சும்



2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதையொட்டி எங்கள் சேலம், நாமக்கல் பகுதியில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. உணவுத் திருவிழா என்றாலும் வணிகர் கூட்டம் என்றாலும், இயற்கை விவசாயி ஒருவரை மேடையேற்றிப் பதினைந்து நிமிடம் பேச வைக்கிறார்கள். ஒரு பக்கம் செக்கு எண்ணெய்க் கடை, மறுபக்கம் தினை லட்டுக் கடை, நடுவே ஒலிபெருக்கி. பேசி முடித்து இறங்கும் விவசாயியின் அரிசியும் எள்ளும் மேடைக்கு அருகிலேயே விற்பனைக்கு இருக்கும்.

நானும் அவ்வாறு அழைக்கப்படுகிறவர்களுள் ஒருவன். பரமத்தி வேலூரை அடுத்து, ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜவாய்க்காலின் பாசனத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் நிலம் உண்டு. வாழை, எள், ஒன்றேகால் ஏக்கரில் சீரகச் சம்பா. இரசாயன உரமும் பூச்சிமருந்தும் நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த மேடைகளில் ஒரு விவசாயி எதைச் சொல்ல வேண்டும், கீழே அமர்ந்திருக்கும் நம் குடும்பத்தார் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்த மேடையைத் திறந்து வைத்தவர்களை முதலில் நினைவுகூர வேண்டும். கோ. நம்மாழ்வார் 1938-இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசுப் பணியில் இருந்தவர். மழையை மட்டுமே நம்பும் ஏழை உழவனுக்குப் பெரும் செலவு பிடிக்கும் ஆராய்ச்சிகள் பயன்படவில்லை என்று கண்டு, 1969-இல் அப்பணியை விட்டு விலகினார். 2013 டிசம்பர் 30 அன்று மறையும்வரை ஊர் ஊராகப் பேசினார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் அவர் உருவாக்கிய வானகம், அவர் பேசியதைச் செய்து காட்டும் இடமாக இன்றும் இருக்கிறது.

அவரால் ஈர்க்கப்பட்ட ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். வருகின்ற உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த ஆண்டு அதனை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. நூற்றுக்கும் மேற்பட்ட நெல் இரகங்கள் அவ்வாறு மீண்டும் வயலுக்கு வந்தன. ‘நெல்’ ஜெயராமன் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 2018 டிசம்பரில் அவர் காலமானார். கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்ற மூதாட்டி, நூறு வயதைக் கடந்த பின்னும் தம் இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் பயிர் செய்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இளமையில் மளிகைக் கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கியவர் அவர். கல்லாவையும் களத்தையும் ஒருசேர அறிந்தவர்.

இம்மூவரும் ஏறிய மேடைகளில் பெரும்பாலும் பேச்சே முதன்மையாக இருந்தது. இன்று பேச்சுக்கு அருகிலேயே தராசும் இருக்கிறது. சாதாரண அரிசியைவிட ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ விலை கொடுத்து ஒருவர் இயற்கை அரிசியை வாங்குகிறார். அது உண்மையாகவே இரசாயனம் இன்றி விளைந்ததா என்பதை அவர் கண்ணால் காண முடியாது. மென்று பார்த்தும் அறிய முடியாது. விளைவித்தவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை நம்பி வாங்குகிறார். ஆகவே அந்த மேடையில் விவசாயி சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சாட்சியின் சொல்லுக்குள்ள பொறுப்பு உண்டு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் கூறினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த வணிகரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம். இயற்கை விவசாயத்திலும் நம் கையில் இல்லாத ஈரங்கள் பல உண்டு. அவற்றை மேலே எடுத்து வைப்பதுதான் மேடைப் பேச்சின் முதற்கடமை என்று நான் கருதுகிறேன்.

சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-இல் இயற்கை உணவுப் பொருள்களுக்கென ஒழுங்குமுறைகளை வகுத்தது. மூன்றாம் தரப்பு ஆய்வாளர் வந்து பார்த்துத் தரும் சான்று ஒரு வழி. ஐந்து விவசாயிகளேனும் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் ஆய்ந்து உறுதி கூறும் பங்கேற்பு உத்தரவாத முறை இன்னொரு வழி. நம் மாநிலத்தில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையே சான்று வழங்குகிறது. ஆனால், தாமே விளைவித்ததை உண்பவரிடமே நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு அந்த ஒழுங்குமுறை விலக்கு அளித்திருக்கிறது. உணவுத் திருவிழாவில் கடை விரிப்பவர்களுள் பலர் அத்தகைய சிறியவர்களே. அங்கே வாங்குபவருக்கு விவசாயியின் வாக்கு ஒன்றே பிடிமானம்.

அந்த வாக்கை எதைக் கொண்டு அளப்பது? என் அத்தா எனக்கு விட்டுச் சென்ற ஒரு நோட்டுப் புத்தகம் இதற்கு உதவியது. அது உஷ்ர் கணக்கு. மழையாலோ இயல்பாகப் பாயும் நீராலோ விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு, செலவு செய்து இறைத்து விளைந்ததில் இருபதில் ஒரு பங்கு என்பது நமக்குத் தெரிந்த சட்டம். ஷாஃபிஈ மத்ஹபினர் ஐந்து வஸ்க் என்ற அளவை எட்டினால்தான் கடமை என்பர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ விளைச்சல் குறைவாயினும் கடமை என்றார்கள். நாங்கள் ஹனஃபிகள். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். இடைப்பட்ட நாள்களில் கிணற்று மோட்டார்தான் பயிரைக் காக்கிறது. அதனால் இருபதில் ஒரு பங்கு என எங்கள் பள்ளிவாசல் இமாம் வகுத்துத் தந்தார். அத்தா, நெல்லைத் தூற்றி முடித்ததும் களத்திலேயே மூட்டைகளை எண்ணி எழுதுவார். எழுதாமல் ஒரு மூட்டையும் வீட்டுக்குள் வராது.

சென்ற தை மாத அறுவடையை அதே நோட்டில் எழுதினேன். சீரகச் சம்பா 75 கிலோ மூட்டையில் 16; மொத்தம் 1,200 கிலோ நெல். உஷ்ர் 60 கிலோ. விதைக்கு 40 கிலோ. வீட்டுக்கு 300 கிலோ. மீதி 800 கிலோவை அவ்வப்போது ஆலையில் அரைத்ததில் 480 கிலோ அரிசி. இந்த எண்களில் மறைக்க ஒன்றுமில்லை. பெருமை கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விவசாயி இவ்வாண்டு எவ்வளவு இயற்கை அரிசி விற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. சான்றளிக்கும் ஆய்வாளர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். இத்தனை ஏக்கரில் இத்தனை விளைச்சல் என்றால், விற்பனைச் சீட்டுகளின் கூட்டுத்தொகை அதற்குமேல் போகக் கூடாது. ரப்புக்குக் கணக்குக் கொடுக்க எழுதிய நோட்டு, வாங்குபவருக்கும் கணக்காகிவிடுகிறது.

சென்ற ஆடி மாதம் சேலத்தில் வணிகர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் என்னைப் பேச அழைத்தபோது, இந்தக் கணக்கையே வாசித்தேன். 330 கிலோ விற்றாயிற்று, 150 கிலோ இருக்கிறது என்றேன். இறங்கியதும் முதியவர் ஒருவர் வந்து சலாம் கூறினார். சேலத்தில் பல ஆண்டுகளாக வலீமா விருந்துகளுக்குச் சமைக்கும் பிரியாணி மாஸ்டர். ஆடியில் மண்டபங்கள் எளிதாகக் கிடைப்பதால் நம்மவர் திருமணங்கள் அடுத்தடுத்து வந்துவிட்டன. நான்கு வலீமாக்களுக்குச் சேர்த்து அவருக்கு 400 கிலோ தேவைப்பட்டது.

“தம்பி, மீதி 250 கிலோவை நீங்களே யாரிடமாவது வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். விலையும் நீங்கள் சொன்னதே இருக்கட்டும். பொண்ணு வீட்டார் கேட்டால் உங்கள் பேரைச் சொல்லிவிடுகிறேன்” என்றார்.

அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. தேக்சாவில் தம் போட்ட பிறகு எந்த வயலின் அரிசி என்று யார் கண்டார்கள்? பக்கத்து ஊரில் சீரகச் சம்பா இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தால் கிலோவுக்கு நல்ல இலாபமும் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்த வேளை அது. பக்கத்து ஊர் அரிசியைப் பக்கத்து ஊர் அரிசி என்றே சொல்லி விற்பதில் குற்றமில்லை. என் பெயரில் விற்பதுதான் முடியாது.

“மாமா, என்னிடம் இருப்பது 150 கிலோதான். அதுவும் நெல்லாக ஆறு மாதம் இருந்தது. அரைத்து இருபது நாளாகிறது. புது அரிசி போலக் குழையாது; ஆனால் ஒரு வருடப் பழைய அரிசி போல உதிரியாக நிற்கும் என்றும் சொல்ல மாட்டேன். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, “பிரியாணிக்காரனிடமே தண்ணீர்க் கணக்குச் சொல்கிறீர்களே” என்றார். பின்னர், அடுத்த தை அறுவடை முழுவதற்கும் இப்போதே முன்பணம் தருவதாகச் சொன்னார். கையில் இல்லாததை விற்காதீர்கள் என்ற நபிமொழி எனக்கு நினைவிருந்ததால், ஆலிமிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினேன். எங்கள் இமாம் விளக்கினார்: அளவும் தரமும் ஒப்படைக்கும் நாளும் குறித்து, முழுப் பணத்தையும் முன்னரே பெறும் ஸலம் ஒப்பந்தத்துக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, ஆனால் குறிப்பிட்ட ஒரு வயலின் விளைச்சல் என்று அதைக் கட்டக் கூடாது, அந்த வயல் பொய்த்தால் சச்சரவு வரும். எனக்கோ என் வயலைத் தவிர வேறு எதைப் பற்றியும் உறுதி கூற இயலாது. ஆகவே முன்பணம் பெறவில்லை. மாஸ்டர் 150 கிலோவை ஒரு வலீமாவுக்கு எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றுக்கும் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார்.

அளவுக்கு நோட்டு உண்டு. தரத்துக்கு? நாமக்கல்லில் நடந்த ஓர் உணவுத் திருவிழாவில், கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: “நீங்கள் மருந்து அடிக்கவில்லை, சரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” நான் கேட்டவற்றுள் மிகக் கூர்மையான கேள்வி அதுதான். ஜேடர்பாளையத்துக்கு மேலே குமாரபாளையமும் பள்ளிபாளையமும் இருக்கின்றன. அங்குள்ள சாயப்பட்டறைகளின் கழிவு காவிரியில் கலக்கும் சிக்கல் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருவது. அதே காவிரிதான் எங்கள் வாய்க்காலில் வருகிறது. “மருந்து போடாதது என் பொறுப்பு, அதற்கு நான் உறுதி. ஆற்று நீர் என் கையில் இல்லை, அதற்கு உறுதி கூற மாட்டேன்” என்றேன். கிழக்குப் பக்கத்து வயலில் மருந்து அடிப்பதையும், காற்றில் தெறிக்கும் என்பதால் அந்த வரப்போரத்து வரிசைகளைத் தனியே அறுத்துச் சாதாரண நெல்லாக விற்பதையும் சொன்னேன். அந்த மூட்டைகளுக்கும் உஷ்ர் உண்டு; ஆனால் நோட்டில் அவற்றுக்குத் தனிப் பக்கம். கூட்டத்தில் இருவர் எழுந்து போனார்கள். அந்தச் சகோதரி இரண்டு கிலோ வாங்கிச் சென்றார். வாங்காமல் போயிருந்தாலும் அவர் அறிந்துதான் போயிருப்பார்.

நம் குடும்பத்துப் பெண்கள் பலரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு. பஞ்சகவ்யத்திலும் அமுதக் கரைசலிலும் மாட்டுச் சிறுநீர் சேர்கிறது. அப்படி விளைந்ததை உண்ணலாமா? சாணத்தை உரமாக இடுவதும் விற்பதும் ஹனஃபி மத்ஹபில் கூடும்; மண்ணுக்கு இடும் உரம் மண்ணோடு மாறிப் பயிராகும்போது விளைச்சல் தூய்மையானதே என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் நிலை. ஆயினும் கேட்பவரின் மனம் அமைதியுற வேண்டும். நான் கரைசலைப் பாசன நீரோடு கலந்து விடுகிறேன். கதிர் வந்த பிறகு மேலே தெளிப்பதில்லை. இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மனம் ஒப்பாதவர் வாங்க வேண்டியதில்லை.

மேடையில் சொல்லவே கூடாதவையும் உண்டு. இந்த அரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும், அந்தத் தானியம் புற்றுநோயை விரட்டும் என்று கைதட்டலுக்காகச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அத்தகைய விளம்பரங்களைத் தடுப்பதற்கு 1954-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பேச்சை நம்பி ஒரு தாய் தன் மாத்திரையை நிறுத்திவிட்டால், அதற்கு மறுமையில் யார் பதில் சொல்வது? பாரம்பரிய அரிசியும் அரிசிதான். அதிலும் மாவுச்சத்து உண்டு. எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். சத்தியம் செய்து விற்பது சரக்கை நகர்த்தும், பரக்கத்தை அழித்துவிடும் என்ற நபிமொழி, ஒலிபெருக்கி முன் நிற்பவனுக்கென்றே சொல்லப்பட்டது போல் எனக்குத் தோன்றும்.

விலை ஏன் கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துக் கொல்லிமலையே இதற்குப் பாடம். அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் குச்சிக்கிழங்கு வந்தது. கிழங்கை வாங்கச் சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன. கையில் உடனே பணம் கிடைத்தது. சாமையையோ உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள மலைவாழ் மக்களோடு சேர்ந்து, கிராமங்களில் உமி நீக்கும் இயந்திரங்களை நிறுவி, மகளிர் குழுக்கள் மூலம் சிறுதானியப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் சாமைக்கு மீண்டும் ஒரு மதிப்பு வந்தது. நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் அந்த உழைப்பின் கூலி இருக்கிறது. குறைந்த விளைச்சலின் இழப்பும் இருக்கிறது. அது போக விவசாயிக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த விலை கொடுக்க இயலாத குடும்பங்கள் நம் மஹல்லாவிலேயே பல இருக்கின்றன. எனவே உஷ்ர் 60 கிலோவைப் பணமாக மாற்றாமல் அதே சீரகச் சம்பாவாகவே கொடுக்கிறோம். நல்லதை நமக்கு வைத்துக்கொண்டு கழிவானதைக் கொடுக்கக் கூடாது என்பது இறைவனின் கட்டளை. ஜமாஅத்தில் வசதியுள்ளவர்கள் வலீமாவுக்கு இயற்கை அரிசி வாங்கும்போது, அதில் ஒரு மூட்டையை ஏழை வீடுகளுக்கென ஒதுக்கலாம்.

இனி உணவுத் திருவிழாவுக்குச் செல்லும் நம் குடும்பத்தார் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். இரசாயனம் நிறுத்தி எத்தனை ஆண்டுகள் ஆயின? இவ்வாண்டு எத்தனை மூட்டை விளைந்தது, இதுவரை எவ்வளவு விற்றீர்கள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பக்கத்து வயலில் என்ன அடிக்கிறார்கள்? இங்கே அடுக்கியிருப்பவற்றில் உங்கள் நிலத்தில் விளையாதவை எவை? உண்மையாக உழைக்கும் விவசாயிக்கு இக்கேள்விகள் வருத்தம் தரா. பிறர் பொய்யோடு போட்டியிடும் சுமையிலிருந்து அவனை விடுவிக்கும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்திக்கொண்டால் அவ்வணிகத்தில் இருவருக்கும் பரக்கத் உண்டு என்றுதான் நபியவர்கள் கூறியிருக்கிறார்கள்.

இந்தத் தை அறுவடை முடிந்துவிட்டது. கதிர் பிடிக்கும் நேரத்தில் பெய்த மழையால் பதர் கூடிவிட்டது. நோட்டில் எழுதியிருப்பது 13 மூட்டை. அடுத்த மாதம் நாமக்கல்லில் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அங்கே 13 என்றே சொல்வேன்.